கர்ப்பப்பையை எடுக்குமுன்

(குன்னத்துகாலில் நவராத்திரி மாதர் கூட்டத்தில் பேசியது)



இன்று என் விஷயம் கர்ப்பப்பை என்றதும் மாமாக்கள் சிலர் வாசல் பக்கம் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள்தானே, இருந்து கேட்டிருக்கலாம்!

என் மன்னிக்கு 42 வயதில் உதிரப்போக்கு அதிகமாக இருந்தது. ஸ்கேனில் ஃபைப்ராய்டு கட்டி. "குழந்தைகள் பிறந்தாச்சே, இனி அது எதற்கு?" என்றார் டாக்டர். அண்ணா கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் எடுத்தாகிவிட்டது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தது பிற்பாடு சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து திடீர் வியர்வை, தூக்கமின்மை. 50 வயதில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்பதற்கு மேல் மன்னி எதுவும் சொன்னதில்லை.

கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். 1995-ல் டில்லியில் ஸமீரா கோலி என்ற 44 வயதுப் பெண், லாப்ரோஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது: உயிருக்கு ஆபத்தில்லாதபோது தாயாரின் சம்மதம் செல்லாது, அவர் கண் விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நஷ்ட ஈடு 25,000 ரூபாய்தான். ஆனாலும் 13 வருஷம் விடாமல் நடத்தினாரே!

தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023-லும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஃபைப்ராய்டு பெரும்பாலும் மாதவிடாய் நின்றபின் சுருங்கிவிடும். அதுவரை மாத்திரை உண்டு. காப்பர் டி போல உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. கட்டியை மட்டும் எடுக்கலாம். எதற்கும் அடங்காமல் ரத்தம் குறைந்து தவிப்பவர்களுக்கு ஆபரேஷன் பெரிய விடுதலைதான், அதையும் மறுக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. என் அத்தை, மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து உதிரம் பட்டதை வெட்கப்பட்டு மறைத்தாள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. நின்றபின் ஒரு துளி பட்டாலும் உடனே காட்டுங்கள்.

காரக்கோணத்தில் மெடிக்கல் காலேஜ் பக்கத்திலேயே இருக்கிறது, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி.க்கு பஸ் இருக்கிறது. இரண்டாவது டாக்டரிடம் கேட்பது முதல் டாக்டருக்கு அவமரியாதை அல்ல. "சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன்?" என்று மறக்காமல் கேளுங்கள்.

மன்னி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்லச் சொன்னவளே அவள்தான். சுண்டல் விநியோகத்தின்போது சந்தேகங்களை அவளிடமே கேட்கலாம்.