ஆப்பரேட்டர் ஓட்ட மறுத்த படம்



1954 மார்ச்சில் நியூயார்க் நகரிலே ‘சால்ட் ஆப் தி எர்த்’, அதாவது ‘மண்ணின் உப்பு’ என்றொரு படம் வெளியாயிற்று. செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. அந்தச் சில்லறைப் படத்தைக் கண்டு அமெரிக்கா அஞ்சியது. அணுகுண்டு வைத்திருந்த நாடல்லவா அது!

எடுத்தவர்கள் யார்? கம்யூனிஸ்டு என்று முத்திரை குத்தி ஸ்டூடியோக்கள் துரத்தியவர்கள். இயக்குநர் ஹெர்பர்ட் பைபர்மன் சிறை கண்டவர். நடித்தோரில் பெரும்பாலோர் நியூ மெக்சிகோவின் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும். சங்கத் தலைவர் ஹுவான் சாக்கோனே கதாநாயகன். கதையை அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டினார்கள். நாயகனுக்கு வேறொருத்தியிடம் தொடர்பு என்றிருந்ததை அவர்கள் ஒப்பவில்லை, அது நீக்கப்பட்டது.

கதை நடந்த கதைதான். 1950 அக்டோபரில் எம்பயர் சிங்க் கம்பெனியில் வேலைநிறுத்தம். 1951 ஜூனில், சங்கத்தார் மறியல் செய்யலாகாதென நீதிமன்றம் தடை விதித்தது. தடை சங்கத்தாருக்குத்தானே? மனைவிமாருக்கு இல்லையே! பெண்கள் மறியலுக்கு வந்தனர். குழந்தை குட்டிகளோடு சிறை புகுந்தனர். 1952 ஜனவரியில் போராட்டம் முடிவுற்றது.

படம் முடியுமுன்பே வேட்டை தொடங்கிற்று. நாயகி ரோசௌரா ரெவுல்டாசைக் கடவுச்சீட்டில் குறை சொல்லிக் கைது செய்து, மெக்சிகோவுக்குத் திரும்பச் செய்தார்கள். பிலிமைக் கழுவவும் ஒலி சேர்க்கவும் எவரும் உதவாதிருந்தால் போதும், படம் வெளிவராது என்று ஆர்.கே.ஓ. முதலாளி ஹோவர்டு ஹியூஸ் காங்கிரஸ் சபை உறுப்பினர் ஒருவருக்கு எழுதினார். முதலாளி அப்படித்தான் எழுதுவான்.

நெஞ்சைச் சுடும் செய்தி வேறு. படம் ஓட்டும் ஆப்பரேட்டரும் தொழிலாளிதானே! அவனுக்கும் சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தின் தலைமையே, ஓட்டாதே என்றது. தொழிலாளியின் படத்தைத் தொழிலாளியின் கையாலேயே நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய நாட்டில் பத்துப் பதின்மூன்று கொட்டகைகளே கிட்டின. அதே 1954இல் கார்லோவி வாரி விழாவில் அதற்குப் பெரும்பரிசு! இருட்டடிப்புக்கு எதிராகத் தொடுத்த வழக்கோ 1964இல் தோற்றது. 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதைப் போற்றிக் காக்கவேண்டிய படமெனப் பட்டியலில் சேர்த்தது. முப்பத்தெட்டு ஆண்டுத் தாமதம், என்ன பெருந்தன்மை!

பிரசாரப் படம் என்றார் விமர்சகர் பாலின் கேல். இருக்கட்டும். ஆனால் யாருக்குச் செய்த பிரசாரம்? சுரண்டும் கம்பெனி கெட்டது என்று நமக்கு எவரும் படமெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இப்படம் நம் வீட்டுக்குள் அல்லவா நுழைகிறது! வீட்டிலே குழாய்த் தண்ணீர் வேண்டும், அதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று பெண்கள் கேட்கிறார்கள். அது பிறகு ஆகட்டும் என்கிறார்கள் வீரத் தோழர்கள். பெண்கள் மறியலுக்குப் போனபின், விறகு பிளந்து, வெந்நீர் காய்ச்சி, துணி துவைத்து, இடுப்பொடிந்த பிறகுதான் அந்தக் கோரிக்கையின் நியாயம் நாயகனுக்கு விளங்குகிறது. மாதக்கணக்கில் மறியலில் நின்றவனுக்கு விளங்காததை ஒரு துணிமூட்டை விளக்கிவிட்டது!

படம் இன்று எளிதில் கிடைக்கிறது. உங்கள் கிளைகளில் திரையிடுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்துங்கள். துணி உலர்த்தும் காட்சி வரும்போது யார் சிரிக்கிறார்கள், யார் தலைகுனிகிறார்கள் என்று சற்றே திரும்பிப் பாருங்கள்.