பதக்கமும் அதற்குரியவனும்



போலந்தின் போர்க்காலப் பதக்கங்களை ஆராயக் கூடியிருக்கும் இச்சபைக்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்களித்தமைக்கு வந்தனம் கூறி, நம் விவாதங்களுக்கெல்லாம் அடிப்படையாக நான் கருதும் ஒரே அபிப்பிராயத்தை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்: ஒரு பதக்கத்தின் அசல் தன்மை, அதைப் பெற்ற மனிதனோடு அதற்குள்ள சம்பந்தத்திலேயே பூரணமாகிறது.

1792இல் மன்னர் ஸ்டானிஸ்வாவ் அகஸ்ட் பொனியதோவ்ஸ்கி ஸ்தாபித்த ‘விர்த்தூத்தி மிலிதாரி’ விருதும், 1920இல் தோன்றிய ‘வீரச் சிலுவை’யும் இரண்டாம் உலக யுத்தத்திலும் வழங்கப்பட்டன. ஆனால் தேசம் அந்நியர் வசப்பட்டிருந்த அக்காலத்தில், லண்டனில் தஞ்சம் புகுந்த அரசாங்கம் ஒருபுறமும், மாஸ்கோவின் ஆதரவில் எழுந்த அதிகாரம் மறுபுறமுமாக ஒரே பெயருள்ள விருதுகளை அளித்தமையால், கழுகின் சிரசில் மகுடம் உண்டா இல்லையா, பொறித்த ஆண்டு 1920ஆ 1944ஆ என்பன போன்ற நுட்பங்களே பதக்கம் பெற்ற வீரன் எந்தச் சேனையில் நின்றான் என்பதை நமக்கு உணர்த்துகின்றன.

இவ்வகையில் மோன்டே காஸினோ சிலுவைக்குத் தனி விசேஷம் உண்டு. சோவியத் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டு, ஈரானையும் பாலஸ்தீனத்தையும் கடந்து இத்தாலியை அடைந்தவர்கள் பலர் நிறைந்திருந்த தளபதி அண்டர்ஸின் இரண்டாம் போலந்துப் படை, 1944 மே 18ஆம் நாள் மோன்டே காஸினோ மலையுச்சியில் இடிந்து கிடந்த மடத்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அதன் ஞாபகார்த்தமாக ஏற்படுத்தப்பட்ட இவ்வெண்கலச் சிலுவை, பாலஸ்தீனத்தில் உருவாகி, ஏறத்தாழ 48,000 பேருக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஓர் எண் உண்டு. பெற்றவரிடமிருந்த சான்றுச் சீட்டிலும் அதே எண் உண்டு. யுத்தம் முடிந்தபின் தாயகம் திரும்ப இயலாமல் பிரிட்டனிலும் பிற தேசங்களிலும் குடியேறிய அவ்வீரர்கள் மறைந்த பிறகு, சிலுவை ஒரு வியாபாரியிடமும் சீட்டு மற்றொருவரிடமும் போய்ச் சேருமானால், வரலாற்றின் ஒரு பக்கம் இரண்டாகக் கிழிந்துவிடுகிறது. எண்ணில்லாத பிற்காலப் பிரதியை அசலென்று விற்பது வஞ்சனை. அசலையே அதன் சான்றிலிருந்து பிரித்து விற்பதும் அதற்குக் குறைந்த குற்றமன்று.

ஆகவே அன்பர்களே, காலம் படியவைத்த நிறத்தைத் துலக்கி அழிக்காதீர்கள். நைந்த நாடாவைக் கழற்றிப் புதியதை மாட்டாதீர்கள். ஒருவர் மார்பில் சேர்ந்திருந்த பதக்கங்களைத் தனித்தனியே விலைபேசாதீர்கள். எண்ணையும் பெயரையும் பிரதியெடுத்து, லண்டனிலுள்ள ‘போலந்து நிறுவனமும் சிகோர்ஸ்கி அருங்காட்சியகமும்’ போன்ற நிலையங்களின் பதிவுகளோடு ஒப்புநோக்குங்கள். பதக்கத்துக்கு உரியவனைக் கண்டறிந்த பின்னரே அதன் கிரயத்தைப் பற்றிச் சிந்தியுங்கள். சேகரிப்போரும் சரித்திர ஆசிரியர்களும் இக்கடமையில் ஒருவருக்கொருவர் துணை நிற்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.