தண்ணீர் விட்டு டைல்ஸ் வெட்டும்போது கவனம்
(மூத்த குடிமக்களுக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்கும்போதும் வீட்டில் விசேஷம் வரும்போதும், குளியலறையில் உடைந்த டைல்ஸை மாற்ற வேண்டும், அடுப்படிக்குப் புது டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்ற பேச்சு வரும். வேலை ஓய்வு பெற்றவர்கள் சிலர் தாங்களே இறங்கிச் செய்கிறார்கள். சிலர் ஆளை வைத்துச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று உதவுகிறார்கள். இரு சாராருக்கும் இந்த உரை பொருந்தும்.

தண்ணீர் ஏன் தேவை?

டைல்ஸிலும் சிமெண்டிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வெட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத தூசாகப் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். நாளடைவில் அங்கே தழும்பு விழுந்து மூச்சு முட்டும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் அந்தத் தூசை அடக்குகிறது. பிளேடின் சூட்டையும் தணிக்கிறது.

ஆகவே தண்ணீர் வேண்டும். ஆனால் அது பிளேடோடு நிற்க வேண்டும். பிளக்குக்கும் சுவிட்சுக்கும் போகக்கூடாது. இன்றைய உரையின் சாரம் இதுதான்.

சாதாரண கிரைண்டரால் ஒருவர் வெட்ட, இன்னொருவர் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்தக் கிரைண்டர் தண்ணீர் படுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், பிடித்திருக்கும் கைக்கே கரண்ட் வந்துவிடும்.

எவ்வளவு கரண்ட் ஆபத்து?

சாமி மேடையில் எரியும் 7 வாட் சிறு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது எடுக்கும் கரண்ட் ஏறக்குறைய 30 மில்லிஆம்பியர். அதில் பாதி அளவு உடம்பில் பாய்ந்தாலே தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். முழு அளவும் நெஞ்சு வழியாகத் தொடர்ந்து பாய்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரக் கையும் ஈரக் காலும் அந்தக் கரண்டுக்கு வழியை இன்னும் சுலபமாக்குகின்றன.

முதலில் மெயின் சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள்

பெட்டிக்குள் 'டெஸ்ட்' என்ற பொத்தானுடன் ஒரு சுவிட்ச் இருக்கும். இதை ஆர்சிசிபி என்பார்கள். பழைய பெயர் இஎல்சிபி. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது இதன் வேலை.

அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் படியுங்கள். பல வீடுகளில் மொத்த வீட்டுக்கும் 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிக்கு அது போதாது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், கைக்கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர் என்றும், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் என்றும் வரம்பு வைத்துள்ளன. உங்கள் வீட்டில் அது இல்லையென்றால், பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் 'டெஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்று மெஷினைத் தொடாதீர்கள்.

மெஷினை வைக்கும் முறை

1. ஆடாத மேசை மீது வையுங்கள். தேங்கிய தண்ணீரில் நின்று வேலை செய்ய வேண்டாம்.
2. வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.
3. எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையில் போடாதீர்கள். சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருளோடு விட்டால் சூடேறும்.
4. தோல் உரிந்த வயர், டேப் சுற்றிய வயர் வேண்டாம். மூன்று பின் துளையில் குச்சியைக் குத்தி இரண்டு பின் பிளக்கைச் சொருகும் பழக்கமும் வேண்டாம்.

வெட்டும்போது

கைலி, தொளதொளப்பான சட்டை, தோளில் துண்டு, கழுத்தில் சங்கிலி ஆகியவை சுழலும் பிளேடில் மாட்டிக்கொள்ளும். கால்சட்டையும் வழுக்காத ரப்பர் காலணியும் அணியுங்கள். கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் மூன்றும் தேவை.

முதலில் தண்ணீர் பிளேடில் விழுகிறதா என்று பாருங்கள். பிளேடு முழு வேகம் பிடித்த பிறகு டைல்ஸை மெதுவாகத் தள்ளுங்கள். அழுத்தித் தள்ளினால் டைல்ஸ் உடைந்து தெறிக்கும்.

துண்டு சிக்கினால் சுவிட்சை அடைத்து, உலர்ந்த கையால் பிளக்கைக் கழற்றி, பிளேடு நின்ற பிறகே கை வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கைவிடும்போதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் பம்பிலும் கரண்ட் இருக்கிறது.

வேலை முடிந்ததும் சேற்றை ஈரமாகவே துடைத்து எடுங்கள். காய்ந்தபின் பெருக்கினால் அதே தூசு மறுபடியும் பறக்கும்.

நம் வயதுக்கு ஏற்ற எச்சரிக்கை

- இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் நிற்கத் தாமதமாகும்.
- நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குத் துண்டு குத்தியதே தெரியாது.
- சளி, அலர்ஜி மாத்திரைகள் சில தூக்கம் தரும். அன்று மெஷின் வேண்டாம்.
- பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.
- தனியாக இருக்கும்போது வெட்டாதீர்கள். பேரப்பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

யாருக்காவது கரண்ட் அடித்தால்

அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். பிறகு 999 எண்ணை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், தொலைபேசியில் பேசுபவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதயத் துடிப்பைப் பரிசோதிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. சுவரில் ஒட்டும் சாதாரண டைல்ஸை நேராக வெட்ட, கோடு கிழித்து உடைக்கும் கைக் கருவியே போதும். அதற்குக் கரண்டும் தேவையில்லை, தண்ணீரும் தேவையில்லை. வளைத்து வெட்ட வேண்டியதை மட்டும் அளந்து, குறித்து, பழக்கப்பட்ட ஆளிடம் கொடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த 'டெஸ்ட்' பொத்தானை மறக்காமல் அழுத்திப் பாருங்கள்.