செய்தியை ஆராயும் கல்வி



ரயில்வே அலுவலகத்தில் பணிபுரியும் எங்கள் மேசைக்கு நாள்தோறும் சுற்றறிக்கைகள் வருகின்றன. எண், தேதி, கையொப்பம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் அத்தாளின்மீது நாங்கள் நடவடிக்கை எடுப்பதில்லை. கைபேசியில் வரும் செய்திக்கோ பெரும்பாலும் இம்மூன்றுமே இருப்பதில்லை. எனினும் அது நொடிப்பொழுதில் ஊரெல்லாம் பரவிவிடுகிறது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2018 ஜூலை 1ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ரெயின்பாடா கிராமத்தில், பிள்ளை பிடிப்போர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஐந்து பேரை அடித்துக் கொன்றது. அவர்கள் ஊர் ஊராகச் சென்று பிழைக்கும் ஏழை மக்கள்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் உலவின. அவற்றுள் ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளரின் இரு பிரிவினர் தமக்குள் மோதியது. மற்றொன்று, கோவையில் உள்ளூரார் தமக்குள் இட்ட சண்டை. இவ்வாறு தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். காட்சி மெய், அதற்குச் சூட்டிய தலைப்பே பொய். பிழைப்பை நாடிப் பிற மாநிலத்தில் குடியேறிய நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அண்டை வீட்டார் நம்மீது கொண்ட நம்பிக்கையே நமக்குக் காவல். அதை ஒரு பொய்த் தலைப்பு ஓரிரவில் குலைத்துவிடும்.

ஆகவே, செய்தியை ஆராய்வதைப் பாடமாகவே கற்பிக்க வேண்டும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் இத்தகைய வகுப்புகள் நடைபெற்றன. தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் அஞ்சியது அதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று.

நம் குழந்தைகளுக்கு மூன்று கேள்விகளைப் பழக்குவோம். இதைச் சொன்னவர் யார்? எங்கே, எப்பொழுது நிகழ்ந்தது? வேறு யார் இதை உறுதி செய்கிறார்? படத்தைக் கூகிளில் இட்டுத் தேடினால், அது முன்னரே வெளிவந்த பழைய படமா என்பது பல வேளைகளில் தெரிந்துவிடும். ரயில்வே வேலை என்று வரும் இணைப்பைத் தொடுமுன், தேர்வு வாரியத்தின் சொந்தத் தளத்தில் அவ்வறிவிப்பு உள்ளதா என்று அவர்கள் பார்க்கட்டும்.

சங்கத்தின் தமிழ் வகுப்பில் இதற்கெனக் கால் மணி நேரம் ஒதுக்குமாறு வேண்டுகிறோம். பெரியவர்களாகிய நாமும் உடன் அமர்வோம். கையொப்பமில்லாத தாள் மேசையிலேயே நிற்பதுபோல, ஐயமுள்ள செய்தியும் நம் கையோடு நிற்கட்டும்.