ஐஸ் பெட்டி வீட்டு மருமகள்

நல்ல நாளில் எழவு வீட்டுப் பேச்சா என்று நினைக்காதீங்க. தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் தொழில் இதுதான்.

மாமனார் பாடைக்கு மூங்கிலும் தென்னை ஓலையும் கொடுத்து ஆரம்பித்தார். பிறகு சாமியானா, நாற்காலி. அப்போதெல்லாம் காலையில் செத்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். முறுக்கு வியாபாரத்துக்கு ஆந்திரா போன மகன் முகம் பார்க்காமலே போன வீடுகள் எத்தனையோ. ஐஸ் பாளத்தை அடுக்கி, மரத்தூளைப் போட்டால் ஒரு ராத்திரி தாங்கும், அவ்வளவுதான்.

குளிர்பதனப் பெட்டி வாங்க மாமனாருக்கு மனசில்லை. மாமியார் குழுவில் கடன் எடுத்து வாங்கியே விட்டார். முதல் வருசமே ஒரு வீட்டில், "இந்தப் பெட்டி இதுக்கு முன்னாடி எந்தத் தெருவுக்குப் போச்சு?" என்று கேட்டார்கள். "இதுல ஓடுற கரண்டு எந்தத் தெருவுல இருந்து வருதுன்னு கேட்டீகளா?" என்றார் மாமியார். அன்றைக்குப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த சாவுக்கு அவர்களே போன் போட்டார்கள். எல்லாத் தெருவுக்கும் இன்றைக்கும் ஒரே வாடகைதான்.

நம்ம பக்கம் செய்முறைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் கருமாதிக்குத்தான் வந்து சேரும். எடுக்கிற அன்றைக்குக் கையில் காசு இருக்காது. வட்டிக்காரர் மட்டும் வாசலில் நிற்பார். அதனால் நாங்கள் அட்வான்ஸ் கேட்பதில்லை. கருமாதி முடிந்து கொடுத்தால் போதும். கொடுக்காமல் போனவர்கள் சிலர் உண்டு, அதை விடுங்க.

பொம்பளைக்கு மயானத்தில் என்ன வேலை என்பார்கள். சென்னை வேலங்காடு மயானத்தை 2014-லிருந்து பிரவீணா சாலமன் என்ற பெண் நிர்வாகம் செய்தார். ஆங்கில இலக்கியம் படித்தவர். நான் வண்டி ஓட்டுகிறேன், ஆனால் மயான வாசலோடு நிறுத்திவிடுவேன். உள்ளே போக இன்னும் வீட்டில் சம்மதிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் 155377-க்குப் போன் போடுங்க, அமரர் ஊர்தி இலவசம். எங்களுக்கு வாடகை போகுமே என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார், போகட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்க. சான்றிதழ் வந்ததும் இறந்தவருடைய பாஸ்புக்கைப் பாருங்க. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருசத்துக்கு ரூ.436 பிடித்திருந்தால், நாமினிக்கு ரூ.2 லட்சம் வரணும். பிடித்த விசயமே தெரியாமல், கேட்காமல் விட்ட வீடுகளுக்கு நான் பெட்டி கொண்டு போயிருக்கிறேன். உங்கள் குழுவில் யார் யாருக்குப் பிடிக்கிறார்கள், நாமினி யார் என்று அடுத்த கூட்டத்திலேயே நோட்டில் எழுதி வையுங்க.