கொழுந்துத் தராசும் பிள்ளைத் தராசும்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



மழைக்குள்ளும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீங்க. மலையிலிருந்து நேரே வந்தவர்களும் இருக்கிறீங்க. அதனால் நாங்கள் நீட்டிப் பேசப் போவதில்லை.

கொழுந்து நிறுக்கும்போது நம் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கண் முள்ளை விட்டு அகலாது. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் கணக்கப்பிள்ளையை இலேசில் விடமாட்டோம். நியாயந்தான், அது நம் உழைப்பு. ஆனால் பிள்ளையை நிறுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? மிட்வைப் அம்மா கொப்பியில் புள்ளி வைத்ததும் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் எடுத்தால் 32 பேர். அதாவது மூன்று பிள்ளைகளில் ஒன்று.

"அப்பன் குட்டை, அம்மா குட்டை, பிள்ளை மட்டும் எப்படி உயரும்?" என்று கேட்பீங்க. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. சின்ன வயதில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். 2006இல் வந்த அந்த அளவுதான் இன்று நம் கிளினிக் கொப்பியில் கோடாக இருக்கிறது. ஆகவே பரம்பரை என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன், வேறொரு தோட்டத்தில், ஒன்பது மாதப் பெண் பிள்ளை ஒன்று 7 கிலோ 200 கிராம் இருந்தது. பத்தாம் மாதமும் அதே. பதினோராம் மாதமும் அதே. ஆபத்தான நிறத்துக்குள் இன்னும் விழவில்லை, ஆனால் மேலே ஏற வேண்டிய கோடு படுத்துவிட்டது. கோடு படுப்பதுதான் முதல் எச்சரிக்கை. நாங்கள் என்ன செய்தோம்? வரிசையில் எல்லோருக்கும் முன்னால் தாயைக் கேட்டோம், "பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறதில்லையா?" என்று. அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு மாதமும் கிளினிக் பக்கமே வரவில்லை.

பிறகுதான் லயத்துக்குப் போனோம். தாய் காலை ஏழு மணிக்கே மலைக்குப் போகிறாள். பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்குத் தெரிந்தது ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுப்பது. சாயத் தண்ணி வயிற்றை நிரப்பும், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது. பீலித் தண்ணியைக் கொதிக்க வைக்க விறகில்லை. மாதத்துக்கு இரண்டு தரம் வயிற்றோட்டம். தகப்பனின் சம்பளத்தில் பாதி கடைக் கடனுக்குப் போய்விடும். இதில் எதைத் தராசு காட்டியது? எதற்கு அந்தத் தாய் ஏச்சு வாங்கினாள்? அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அதனால்தான் இப்போது வீடு வீடாக வந்து தண்ணி எங்கே எடுக்கிறீங்க, கக்கூஸ் இருக்கிறதா, அடுப்புப் புகை வெளியே போகிறதா, கர்ப்பிணிப் பிள்ளை இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறதா என்றெல்லாம் கேட்கிறோம். வேவு பார்க்கிறாங்க என்று சிலர் பேசுவதும் காதில் விழுகிறது. பிள்ளையை அளப்பதென்றால் குடும்பத்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். திரிபோஷா பக்கற்றை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்பதும் அந்தக் கணக்கில் வரும். (பெரிய ஆட்கள்தான் முதலில் ருசி பார்ப்பது, எங்களுக்குத் தெரியும்!)

பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், இடித்த நெத்தலித் தூள், முடிந்த நாளில் முட்டை. தேத்தண்ணி வேண்டாம்.

தராசைப் பற்றியும் சொல்லணும். ஒருமுறை சந்தேகப்பட்டு 5 கிலோ அரிசிப் பொதியைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். 5 கிலோ 400 காட்டியது. அந்தத் தராசு எத்தனை மெலிந்த பிள்ளைகளை "நல்லாயிருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பியதோ! சப்பாத்தும் கம்பளிச் சட்டையுமாக நிறுத்தாலும் இதே கதைதான். குளிர் என்று யோசிக்காதீங்க, ஒரு நிமிஷ வேலை. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் நீளம் பார்ப்போம், கால் முட்டியை நீட்டிப் பிடிக்கும்போது அழும், பயப்பட வேண்டாம்.

அடுத்த நிறுவை வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, இதே இடத்தில். அரைப்பேர் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், கங்காணிமாரிடம் பேசியிருக்கிறோம், நிறுத்தவுடன் மலைக்குப் போகலாம். கொப்பியைக் கட்டாயம் கொண்டு வாங்க. முதலில் உங்கள் முன்னாலேயே அரிசிப் பொதியைத் தொங்கவிட்டுத் தராசைப் பார்ப்போம். தகப்பன்மார் யாராவது ஒருவர் முன்னுக்கு வந்து நின்று முள்ளைப் பார்த்துச் சொல்லணும்.