தள்ளாட்டத்தை யார் வாசிக்கிறார்கள்?

(மாணவர்கள் கூட்டிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மெதுவாகத்தான் பேசுவேன். சில எழுத்துகள் நசுங்கி வரும். நடுவில் நின்றுவிட்டால் 'இதைத்தானே சொல்ல வந்தீங்க' என்று யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். நமக்காக அடுத்தவன் பேசிய கதை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சொல் வரும், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தலைவர் தோரணை இல்லை. விட்டால் சாய்ந்துவிடுவேன்.

பக்கவாதம் என்றால் ஒரு கை, ஒரு கால் விழுந்து வாய் கோணிப்போவது என்றுதான் நமக்குத் தெரியும். எனக்கு எதுவும் விழவில்லை. முப்பத்துநாலு வயசில் ஒரு நாள் விடிகாலை தரை சுற்றியது, வாந்தி வந்தது. வீட்டில் பித்தம் என்றார்கள். எலுமிச்சம்பழம், சுக்குத்தண்ணி. பக்கத்து வீட்டுப் பாட்டி காத்து கருப்பு அடிச்சிருக்கு என்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயைக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் வீட்டிலேயே கழிந்துபோனது.

முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கச் சொல்லி விளம்பரம் வைக்கிறார்கள். சரிதான். ஆனால் திடீர்த் தலைசுற்றல், நடை தடுமாறுதல், பார்வை இரண்டாகத் தெரிதல், இவையும் அறிகுறிகள்தான். தெருவில் போய் இதைச் சொல்லுங்கள். புறா ரத்தம் தேடி அலைகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எனக்கு அடைப்பு வந்தது சிறுமூளையில். பின்மண்டையில், பெருமூளைக்குக் கீழே இருக்கிறது அது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. எண்ணிக்கையில் பெரும்பான்மை, இருக்கிற இடம் பின்னால், கீழே, பெயர் மட்டும் 'சிறு'. பெயர் வைத்தவர்களை நமக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. நிற்பது, நடப்பது, நாக்கைப் புரட்டுவது, எல்லாவற்றையும் சீராக்கித் தருவது அதன் வேலை. செய்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. நின்றால்தான் தெரியும்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெருமூளையின் இடது பக்கம் அடிபட்டால் பெரும்பாலோருக்குச் சொல்லே தொலைந்துபோகலாம். நினைத்தது ஒன்று, வாயில் வருவது ஒன்றாகிவிடும். எனக்கு அப்படியில்லை. சொல் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. நாக்கும் உதடும் மூச்சும்தான் தாளம் தப்புகின்றன. இரண்டு வகையிலும் அறிவு போய்விட்டதாக அர்த்தமில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற என்னை விட்டுவிட்டு, 'இவருக்கு நாம பேசுறது புரியுதா?' என்று என் மனைவியிடம் கேட்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாராயம் ஒருவனைத் தள்ளாட வைப்பதும், நாக்கைக் குழற வைப்பதும் இதே சிறுமூளையைக் கலைத்துத்தான். அதனால் குடித்தவன் நடையும் என் நடையும் ஒன்றுபோல இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அதை வாசிக்கிற கண்ணில் இருக்கிறது.

எங்கள் வங்கிக் கிளையில் மூத்த அதிகாரி ஒருவர், உயர்சாதிக்காரர், சர்க்கரை குறைந்து தள்ளாடினார். 'சாருக்குத் தண்ணி குடுங்க' என்று நாலு பேர் ஓடினார்கள். நல்ல விஷயம், அப்படித்தான் ஓட வேண்டும். அதே மாதம் பஸ் நிலையத்தில் நான் தள்ளாடினேன். 'தண்ணி போட்டிருக்கான், தள்ளி நில்லுங்க' என்றார்கள். நான் ஏறப்போன பஸ் எந்தக் காலனிக்குப் போகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தள்ளாட்டம் ஒன்று, தண்ணி என்ற சொல்லும் ஒன்று. ஒருத்தனுக்குக் குடுக்கிற தண்ணி இன்னொருத்தன் போட்ட தண்ணியாக எந்த இடத்தில் மாறுகிறது?

குடி நம் தெருக்களைத் தின்கிறது என்பது உண்மை. அதை எதிர்த்து நாமே போராடியிருக்கிறோம். ஆனால் குடிகாரன் என்று வாசிக்கப்பட்டவனை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதில்லை. தெளிஞ்சா எழுந்திரிப்பான் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். நாலரை மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். இது அவமானம் மட்டுமில்லை தோழர்களே, உயிர்ப்பிரச்சினை.

நாக்கின் கதை இன்னும் பழசு. எங்க வீட்டில் 'வாயப்பயம்' என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் அதற்காகக் காதைத் திருகினார்கள். சிறப்பு ழகரம் வராதவன் தமிழனே இல்லை என்றார்கள். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன், கவிதை எழுதினேன், மேடையில் ழகரம் உருள வாசித்தேன். மூளையில் அடைப்பு வந்ததும் முதலில் போனது அந்த ழகரம்தான். பேச்சுப் பயிற்சி தந்த அம்மா கண்ணாடி முன்னால் உட்காரவைத்து 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னார். வரவில்லை. 'வாயப்பயம்' வந்தது, சுத்தமாக வந்தது. எங்க அம்மாவின் தமிழ் என்னைக் கைவிடவில்லை. இன்னொரு வேடிக்கை பாருங்கள். 'குழறல்' என்ற சொல்லுக்குள்ளேயே ழகரம் இருக்கிறது. குழறுகிறவனால் சொல்ல முடியாத சொல்லைத்தான் அவனுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

வங்கியில் என்னைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, பழைய லெட்ஜர்கள் அடுக்கியிருக்கிற பின்னறையில் போட்டார்கள். 'கஸ்டமர் சங்கடப்படுறாங்க' என்றார்கள். சம்பளம் குறையவில்லை, குறைக்கவும் முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. வேறு வேலைக்கு மாற்றினாலும் அதே சம்பள விகிதம் தர வேண்டும். ஆனால் சம்பளத்தைக் காப்பாற்றுகிற சட்டத்தால் முகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. முன்னால் வராதே, பின்வாசல் வழியாக வா என்பது நமக்குப் புதுசா என்ன?

ஒரு குமாஸ்தாவாக இன்னொன்று சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர் பணம் எடுக்க வருவார். கை நடுங்குவதால் கையெழுத்து ஒத்துப்போகாது. திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பக்கூடாது. பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாதவர் கால் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. இது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். கைநாட்டு என்ற வசைக்குத் தப்பத்தான் நம் அப்பன்கள் நம்மைப் படிக்கவைத்தார்கள். கை நடுங்கும்போது அதே கைநாட்டு உரிமையாகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

சட்டம் படிக்கிற மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான். இரண்டிலும் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. பஸ் நிலையத்தில் என்ன நடந்தது? சாதிப் பெயரையும் சொல்லவில்லை, ஊனத்தையும் சொல்லவில்லை. 'குடிகாரன்' என்ற ஒரே சொல். அது இரண்டு வேலையையும் செய்துவிட்டு, இரண்டு சட்டத்திலிருந்தும் நழுவப் பார்க்கிறது. இதை எப்படிப் பிடிப்பது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்வீடன் கவிஞர் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-ல் பக்கவாதம் வந்தது. பேச்சு பெரும்பாலும் போய்விட்டது, வலது கை விழுந்தது. இடது கையால் பியானோ வாசித்தார். 1996-ல் புதுத் தொகுப்பு வெளியிட்டார். 2011-ல் நோபல் பரிசு. அவர் மௌனத்தை உலகம் கவிதையாக வாசித்தது, மகிழ்ச்சி. எங்க காலனியில் பறை அடித்த ஒரு பெரியவருக்கும் கை விழுந்தது. அவர் மௌனத்தை யாரும் எதுவாகவும் வாசிக்கவில்லை. கயிற்றுக்கட்டிலில் மூன்று வருஷம் கிடந்து செத்தார்.

முதல் சில மாதங்களில்தான் தேறுதல் வேகமாக இருக்கும். பயிற்சியை விடாவிட்டால் வருஷங்கள் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம். 'தினமும் அரை மணி நேரம் சமதளத்தில் நடங்க' என்றார் பயிற்சி தந்தவர். எங்க தெருவில் சமதளம் எங்கே இருக்கிறது? மூடாத சாக்கடை, எரியாத விளக்கு. பூங்கா ஊர்ப்பக்கம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே வந்து தர வேண்டும். உங்கள் காலனிக்கு வருகிறார்களா என்று விசாரியுங்கள், வராவிட்டால் மனு எழுதுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். கூலி வேலைக்குப் போகிறவரால் எப்படி முடியும்? அதுவும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று கேளுங்கள்.

கடைசியாக நம் இயக்கத்துக்கு. நம் மேடைகளில் முழங்குகிறவனுக்குத்தான் மைக். திக்குகிறவனுக்கு 'சீக்கிரம் முடிங்க' என்று துண்டுச்சீட்டு வருகிறது. பேசக்கூடாது என்று வாய் அடைக்கப்பட்டவர்கள் கட்டிய இயக்கத்தில் நாக்குக்கு ஒரு தரவரிசை இருக்கலாமா? மேடைக்குக் கைப்பிடி வையுங்கள். ஒரு நாற்காலி போடுங்கள். பத்து நிமிஷம் என்றால், இவருக்கு இருபது என்று அறிவியுங்கள். நாளைக்குச் சாலையில் ஒருத்தன் தள்ளாடினால், முதலில் போய்த் தோளைப் பிடியுங்கள், பெயர் கேளுங்கள், முகத்தையும் பேச்சையும் பாருங்கள். குடித்திருக்கிறானா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.